மாயாறுக்குப் போயிட்டு வந்தேன் மாப்ளே

மாப்ளே,

எப்படி இருக்க? தங்கச்சி, புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? அப்பாவுக்கு முட்டிவலி இப்ப தேவலையா? போன் பண்ணா நீ மருந்துக்கடையில கூட்டத்துல நிப்ப, ரெண்டு நிமிஷத்துல வச்சுருவ, அதான் ஞாயித்துக்கிழமை உக்காந்து நீளமா டைப் பண்றேன், ராத்திரி சாவகாசமா படி.

பாறு கணக்கெடுப்புக்கு வாலன்டியரா முதுமலைப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போயிட்டு வந்தேன். பாறுன்னா நம்ம பிணந்தின்னிக் கழுகும்போமே அதேதான், ஆனா பாறுங்கிறது சங்கப் பாட்டுலயே வர்ற பேரு, கோயம்புத்தூர் அருளகம் அமைப்புக்காரங்க அந்தப் பேரத்தான் சொல்றாங்க, எனக்கும் இப்ப அதுதான் வாயில வருது. விடிகாலையிலயே பாறை மேல ஏறி உக்காந்துட்டோம், ஆனா வெயில் ஏறி காத்து சூடாகுற வரைக்கும் ஒண்ணுகூட கிளம்பல. ஆத்தோரம் ஒரு பெரிய நீர்மருது, உச்சிக்கிளையில கூடு, கூட்டுக்குக் கீழ இருக்குற இலையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எச்சத்துல வெளுத்துக் கெடக்கு. அந்தக் கூட்டுல வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் மாப்ளே.

கையில எழுதி நிரப்ப ஒரு ஃபாரம் குடுத்தாங்க, நேரம், என்ன வகை, பெருசா குஞ்சா, அப்புறம் எந்தத் திசையில பறந்துச்சுன்னு ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் ஏன்னு அங்கதான் புரிஞ்சுது. முதுமலையில பாத்த பாறு கொஞ்ச நேரத்துல பந்திப்பூர் மேல வட்டம் போடும், அங்கிருந்து வயநாட்டுக்கும் போகும், தனித்தனியா எண்ணுனா ஒரே பறவை மூணு கணக்குல ஏறிரும். அதனாலதான் தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மூணு வனத்துறையும் அமைப்புகளும் சேர்ந்து ஒரே நாள் ஒரே நேரத்துல எண்ணுறாங்க. 2023 பிப்ரவரியில 246, அதே வருஷம் டிசம்பர்ல 320. பத்து மாசத்துல 74 கூடுனது எல்லாம் புதுக் குஞ்சுன்னு நான் நம்பல, இன்னும் ஒழுங்கா எண்ணியிருக்காங்கன்னுதான் தோணுது, ஆனா அதுவே பெரிய விஷயம்.

இனிமே சொல்றது உன் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கவனமா படி. இந்தப் பறவைங்க அழிஞ்சதுக்குக் காரணம் மாட்டுக்கு வலி, வீக்கத்துக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு ரெண்டொரு நாள்ல செத்துப்போச்சுன்னா அதத் தின்ன பாறுக்கு கிட்னி போயிரும். 2004ல பாகிஸ்தான்ல ஆராய்ச்சி பண்ணவங்க கண்டுபிடிச்சு சொன்னாங்க, 2006ல இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூணுமே கால்நடைக்குத் தடை போட்டுச்சு. எனக்குத் தூக்கத்தக் கெடுத்தது என்னன்னா, நூறு செத்த மாட்டுல ஒண்ணுக்கும் குறைவா அந்த மருந்து இருந்தாலே மொத்தக் கூட்டமும் அழியுறதுக்குப் போதுமாம். கூட்டம் கூட்டமா ஒரே பிணத்துல உக்காந்து தின்னுற பறவை, அதான்.

எங்க வீட்டு செவலை மாடு ஞாபகம் இருக்கா? நாம காலேஜ் சேர்ந்த வருஷம், மடி வீங்கி ரெண்டு நாள் எந்திரிக்கவே இல்ல, ஊசி போட்டாங்க, விடியறதுக்குள்ள போயிருச்சு, நீயும் நானும் தான் ஒரு கை புடிச்சு பள்ளத்தோரம் இழுத்துப் போட்டோம். என்ன ஊசின்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. அந்தப் பாறை மேல உக்காந்திருந்தப்ப எனக்கு அதே நெனப்பு மாப்ளே, மனசு கனத்துப்போச்சு.

தடை வந்தப்புறமும் மனுஷனுக்குன்னு வந்த 30 மில்லி டைக்ளோ பாட்டில வாங்கி மாட்டுக்குப் போட்டுட்டுத்தான் இருந்தாங்க, உனக்கே தெரியும். 2015ல மனுஷனுக்கான பாட்டிலே 3 மில்லிக்கு மேல கூடாதுன்னாங்க, கம்பெனிங்க மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய் 2017ல தோத்தாங்க. அப்புறம் 2023ல கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக்னு இன்னும் ரெண்டு வலி மருந்தும் கால்நடைக்குத் தடை. அசெக்ளோஃபினாக் மாட்டு ஒடம்புக்குள்ள போனதும் டைக்ளோவாத்தான் மாறுது, அப்ப பேர் மாறுனதத் தவிர வேற என்ன? இதுக்கெல்லாம் பின்னாடி 2011ல பாறுகளக் காப்பாத்த ஆரம்பிச்ச சேவ் (SAVE) கூட்டமைப்பு இருக்கு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் (பி.என்.எச்.எஸ்), நேபாளத்துப் பறவை அமைப்பு, இங்கிலாந்துப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் (ஆர்.எஸ்.பி.பி) எல்லாம் அதுல சேர்ந்திருக்காங்க. ஒருத்தர் மருந்த டெஸ்ட் பண்றாங்க, ஒருத்தர் குஞ்சு பொரிக்க வைக்கிறாங்க, ஒருத்தர் கிராமத்துல மாட்டுக்காரங்களோட பேசுறாங்க. எல்லாத்தையும் ஒரே அமைப்பு செஞ்சிர முடியாது, நான் நேர்ல பாத்ததுல எனக்கு இதுதான் நல்லா புரிஞ்சுது.

ஆனா அவங்க எல்லாரும் சேர்ந்தாலும் உன் கடை கவுன்டர் வரைக்கும் வர முடியாது. பாறு இரை தேடி நூறு கிலோமீட்டர்கூட போகும், நம்ம ஊரு அதுக்குள்ளதான் வருது. டைக்ளோவுக்குப் பதிலா போடுற மெலாக்சிகாம் பாறுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க, அத முன்னாடி ரேக்குல வை. யாராவது மாட்டுக்குன்னு டைக்ளோ கேட்டா குடுக்காத, ஏன்னு ரெண்டு வார்த்தை சொல்லு, உன் பேச்ச அங்க எல்லாரும் கேப்பாங்க. பழைய ஸ்டாக் எதாவது மூலையில கெடக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு எனக்கு மெசேஜ் போடு.

அடுத்த கணக்கெடுப்புக்கு உன் பேரையும் சேத்துக் குடுக்கப்போறேன். ஷூ மட்டும் நல்லதா வாங்கி வை, செருப்பு போட்டுட்டு வந்து முள்ளுல மாட்டிக்காத.

அப்பாவ கேட்டேன்னு சொல்லு.