மலைப்பாதை விபத்துகளில் உதவத் தயங்குவது ஏன்?

ஐயா,

அண்மையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் காட்டேரி பூங்காவுக்குக் கீழே, இருசக்கர வாகனத்தில் வந்த இளைஞர் ஒருவர் வளைவில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்தார். காரிலிருந்து இறங்கியவர்களில் பலர் கைப்பேசியில் படம் எடுத்தார்களே தவிர, ஒருவரும் அருகில் செல்லவில்லை. வேலை முடிந்து திரும்பிய தோட்டத் தொழிலாளப் பெண்கள் இருவர்தாம், இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை அவிழ்த்துத் தூறலில் நனையாதபடி அவருக்குப் போர்த்தி, தலைத்துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 108-க்கு அழைக்கும்படி மற்றவர்களைக் கெஞ்சினார்கள். அந்தக் காட்சி என்னை மிகவும் வருத்தியது.

போலீஸ், கோர்ட் என்று அலைய நேரிடும் என்ற அச்சமே தயக்கத்துக்குப் பெரிதும் காரணம். ஆனால் 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதல்களும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவும் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. பெயரைக்கூடச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையும் இலவசம்.

சீசன் காலத்தில் ஆம்புலன்ஸ் நெரிசலைக் கடந்து மலையேறி வருவதற்குள், அடிபட்டவரின் உயிர் அருகில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. எனவே இந்த விவரங்களைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் சோதனைச்சாவடிகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், குன்னூர்