கிணற்றடியிலேயே அமிலம் இடுங்கள்: குடிநீர்ப் பரிசோதனைக்குப் பொறுப்பானோருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத்தின் கிராமியக் குடிநீர்த் திட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாவியோரமாக இருக்கும் எங்கள் கிராமத்தின் முன்பள்ளிக் குழாய்க்கிணறு பற்றித் தாங்கள் அனுப்பிய கடிதம் கடந்த மாதம் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கிடைத்தது. அந்த நீரில் இரும்பின் அளவு, தேசியத் தரநிலை அனுமதிக்கும் லீற்றருக்கு 0.3 மில்லிகிராமிலும் குறைவு என்றும், ஆகவே வடிகட்டி கோரிய விண்ணப்பம் மேற்கொண்டு பரிசீலிக்கப்படமாட்டாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பத்தின் வரலாறு தங்கள் கோப்பிலேயே இருப்பதால் அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அசேதன இரசாயனவியலில், குறிப்பாக நீரைச் சுத்திகரிக்கும் ஊக்கிகளில், பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருபவள் என்ற வகையிலும், அந்த ஊர் நீரைக் குடித்து வளர்ந்தவள் என்ற வகையிலும், அம்முடிவு தவறானது என்பதையும் அது எவ்வாறு தவறாயிற்று என்பதையும் தங்களுக்கு எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாதிரி எடுக்கப்பட்ட அன்று நான் தற்செயலாக அங்கே நின்றேன். வந்தவர் மரியாதையானவர், அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்குக் கொடுத்தனுப்பப்பட்டிருந்தது ஒரு வெற்றுச் சோடாப் போத்தல் மட்டுமே. கைப்பம்பியை நாலைந்து தடவை அடித்து, வந்த நீரை அதில் பிடித்து, மூடியை முறுக்கி, வாகனத்தின் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் போத்தல் ஆய்வுகூடத்தை அடைந்தது இரண்டு நாள் கழித்து என்பதைத் தங்கள் கடிதத்துடன் இணைக்கப்பட்ட அறிக்கையின் திகதிகளே சொல்கின்றன.

நிலத்தடியில் காற்றுப் படாத நீரில் இரும்பு பெரசு அயனாகக் கரைந்திருக்கிறது. பம்பியிலிருந்து விழும்போது நீர் பளிங்குபோல் தெளிவாக இருப்பது அதனாலேயே. காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அது பெரிக்காக மாறி, ஐதரொட்சைட்டு வீழ்படிவாகப் பழுப்பு நிறத்தில் அடியில் தங்கும். போத்தலின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். இந்த மாற்றம் நீரின் அமிலத்தன்மையை மிக நுட்பமாகச் சார்ந்தது. அமிலத்தன்மை குறையக் குறையக் கூடும் பீ.எச். பெறுமானம் ஒன்று கூடினால் வேகம் ஏறத்தாழ நூறு மடங்காகும். நன்றாக அமிலமிட்டால் மாற்றமே நின்றுவிடும். உலோகங்களைப் பரிசோதிப்பதற்கான மாதிரியில் எடுத்த இடத்திலேயே நைத்திரிக்கமிலம் இட்டு, பீ.எச். பெறுமானத்தை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று முறைநூல்கள் வற்புறுத்துவது இதற்காகவே. அமிலம் இடாமல் இரண்டு நாள் வைத்திருந்த போத்தலின் மேல்மட்டத் தெளிநீரை அளந்தால், இரும்பு இல்லை என்றுதான் கருவி சொல்லும். இரும்பு போத்தலின் அடியில் கிடக்கிறது. அதே கிணற்று நீரை அமிலமிட்டு நான் அளந்தபோது தரநிலையின் பல மடங்கு இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: மாதிரியை மறுபடியும் எடுங்கள், கிணற்றடியிலேயே அமிலம் இட்டு எடுங்கள்.

0.3இலும் குறைவு என்ற அந்த ஒரு வரி எங்கள் வீடுகளில் என்ன செய்கிறது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். முன்பள்ளிக்கு அடுத்த வளவில் இருக்கும் அக்காவுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். நம் நாட்டில் பள்ளிச் சீருடை வெள்ளை. அந்தக் கிணற்று நீரில் நான்கு முறை தோய்த்தால் வெள்ளைச் சட்டை மங்கிய மஞ்சளாகும். ஒரு தவணை முடிவதற்குள் செம்மண்ணில் புரண்டதுபோல் ஆகிவிடும். வெளுக்கும் தூளைப் போட்டால் போகும் என்று கடைக்காரர் சொல்ல, அக்கா அதையும் வாங்கிப் போட்டார். அந்தத் தூளிலுள்ள குளோரீன் நீரில் கரைந்திருந்த இரும்பையும் ஒட்சியேற்றித் துணியின் இழையிலேயே படியவைத்தது. கறை முன்னையதைவிட ஆழமாயிற்று. இப்போது அவர் தேசிக்காய் தேய்க்கிறார். தேசிப்புளியிலுள்ள சித்திரிக்கமிலம் இரும்பைப் பிணைத்துக் கரைத்துவிடும் என்பதால் அது சரியான வழிதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே கண்டுபிடித்தார். ஆனால் கிழமைக்கு எத்தனை தேசிக்காய் வாங்குவது? அவருடைய நடு மகள் வகுப்பில் பின்வாங்கில் போய் இருக்கிறாள். சட்டை அழுக்கு என்று யாரோ சொன்னதற்குப் பிறகு அவள் முன்வரிசைக்கு வரவில்லை. தாய் ஒவ்வொரு நாளும் தோய்க்கிறார் என்பதை அந்த வகுப்புக்கு யார் சொல்வது?

அந்த வீட்டில் எனக்குத் தந்த தேத்தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே தாக்கத்தால்தான்: இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் கோப்பையைப் பார்த்த எவரும் அந்த நீரில் இரும்பு இல்லை என்று கையொப்பமிட மாட்டார்கள்.

இரும்பு உயிருக்கு ஆபத்தில்லை, நிறமும் சுவையும்தான் பிரச்சினை என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்கள் சங்கத் தலைவியிடம் சொல்லியிருக்கிறார். முதற்பாதி பெருமளவு உண்மையே. ஆனால் சுவை பிடிக்காத மக்கள் பாதுகாப்பான குழாய்க்கிணற்றை விட்டுவிட்டு, வயல் ஓரத்துத் திறந்த கிணற்று நீரை ருசிக்காகக் குடிக்கப் போகிறார்கள். அதில் உரமும் கிருமியும் கலந்திருப்பதை நாக்கு அறியாது. மேலும், இரும்பு கரைந்திருக்கும் நீரில் மங்கனீசு என்ற உலோகமும் சேர்ந்திருப்பது வழக்கம். தங்கள் அறிக்கையில் மங்கனீசு என்ற சொல்லே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல் அதற்கான தற்காலிக வழிகாட்டி அளவை லீற்றருக்கு 0.08 மில்லிகிராமாக வைத்தது; போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளை எண்ணியே அந்த அளவு வைக்கப்பட்டது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்.

இதற்கான தீர்வு எட்டாத தொழினுட்பம் அல்ல. ஆற்றுமணலை மங்கனீசு உப்புக் கரைசலில் ஊறவைத்து, கொண்டிஸ் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொற்றாசியம் பரமங்கனேற்றின் கரைசலை அதன்மீது பாய்ச்சினால், மணிகளின்மேல் மங்கனீசீரொட்சைட்டு கறுப்புப் படையாகப் படியும். உயர்தர மாணவர்கள் ஐதரசன் பரவொட்சைட்டைப் பிரிகையடையச் செய்யப் பயன்படுத்தும் அதே ஊக்கி இது. நீரை முதலில் சல்லடை வழியாகத் தூவிக் காற்றூட்டி, சாதாரண மணலில் இரும்பை வடித்து, பின்னர் இந்தக் கறுப்பு மணலினூடாக விட வேண்டும். காற்று மட்டும் பட்டால் நெடுநேரம் ஒட்சியேறாமல் கரைந்தே கிடக்கும் மங்கனீசு அந்த மேற்பரப்பில் ஒட்டி, அங்கேயே ஒட்சியேறி, தானும் ஊக்கிப் படையின் ஒரு பகுதியாகிவிடும். எனது ஆய்வு அனைத்தும் இந்தப் படை எவ்வளவு காலம் உழைக்கும், எப்போது அடைக்கும், எப்படித் திருப்பிக் கழுவினால் மீளும் என்பதைப் பற்றியதே. இரண்டு பீப்பாய், மணல், ஒரு தாங்கி, கிழமைதோறும் கழுவுவதற்கு ஒருவர் போதும். மாதர் சங்கம் அதற்கு ஆள் தர ஒப்புக்கொண்டுள்ளது.

இதைச் சொல்லும்போது மனம் வேறிடத்துக்கும் போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் கிணறுகளை நல்லெண்ணத்தோடு இறைத்து இறைத்தே, கீழிருந்த உவர்நீரை மேலே இழுத்துக்கொண்டதும் உண்டு. கீழே என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க அன்று அவகாசம் இருக்கவில்லை என்றாவது சொல்லலாம். இன்று அவகாசம் இருக்கிறது. ஆனாலும், இரும்பும் மங்கனீசும் மென்சவ்வை அடைத்துவிடும் என்பதை அறியாமலே பின்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சுத்திகரிப்பு இயந்திரங்களை நன்கொடையாகப் பெற்று, நாடா வெட்டி, கல் பதித்து, ஓரிரண்டு வருடத்தில் பூட்டிவிட்ட கொட்டில்களை நான் போகும் வழியெல்லாம் பார்க்கிறேன். அவற்றுக்குச் செலவான பணத்தின் ஒரு சிறு பங்கு, அமிலம் இட்ட போத்தல்களுக்கும் அவற்றை ஒழுங்காக எடுக்கப் பழக்கிய ஆட்களுக்கும் போயிருந்தால் எந்த ஊருக்கு எது தேவை என்று நாம் அறிந்திருப்போம். உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியாக எங்கள் ஊர்வரை வரும் நாளையும் எதிர்பார்த்திருக்கிறோம்; அதுவரை பிள்ளைகள் குடிக்காமல் இருக்க முடியாது.

கோபம் எழுத்தில் தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியை நாளைக்கே தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தவறாக எடுத்த மாதிரியின் அடிப்படையில் மூடிய கோப்பைத் திறந்து, மாதிரியை மறுபடியும், கிணற்றடியிலேயே அமிலம் இட்டு எடுக்குமாறும், இரும்போடு மங்கனீசையும் அளக்குமாறும், முடிவை முன்பள்ளிச் சுவரில் தமிழில் ஒட்டுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அமிலத்தால் கழுவிய ஆறு போத்தல்களும் நைத்திரிக்கமிலமும் எனது ஆய்வுகூடத்தில் ஆயத்தமாக உள்ளன. தங்கள் உத்தியோகத்தர் வரும் நாளைச் சங்கத் தலைவிக்கு அறிவித்தால், அவற்றோடு நானும் கிணற்றடியில் நிற்பேன். பம்பியைப் பத்து நிமிடம் அடித்துப் பழைய நீரை வெளியேற்றிய பின்பு இருவருமாக மாதிரி எடுப்போம். மூன்று போத்தல் தங்களுக்கு, மூன்று எங்களுக்கு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இரசாயனவியல் ஆய்வாளர்