பாசி எடுத்த கைகளுக்கு ஓர் ஆய்வுக்கூடம்: அக்டோபர் 31க்குள் இன்னும் 2,28,600 ரூபாய் வேண்டும்

அன்புள்ள ஊர்ப் பெருமக்களுக்கும், கடல் கடந்து பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவினரின் வணக்கம், ஸலாம், தோத்திரம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் பெண்களுக்கான கடல்பாசி ஆய்வுக்கூடத்தின் மதிப்பீடு 18,00,000 ரூபாய். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு தருகிறது. நம் பங்கு 6,00,000. இன்றுவரை சேர்ந்தது 3,71,400. வரைவோலையை அக்டோபர் 31க்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். போன ஆண்டும் இப்படித்தான் நழுவவிட்டோம். அப்போது மழையைக் காரணம் சொன்னோம். அதனால்தான் இம்முறை வாடைக் காற்று தொடங்கும் முன்பே உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

இந்தக் கூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. பெரியவர்கள் இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆவதற்கு வெகு காலம் முன்பே, நம் பாட்டிமார் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுத்தவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில், கஞ்சிப் பாசி எந்த மாதம், கட்டக்கோரை எந்தக் காற்றில் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்கள் எடுத்த மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் மதுரைக்குப் போய், ஜெல்லியை உறைய வைக்கும் அகர் ஆனது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. கொச்சிக்கு இடம் மாறும்வரை பல ஆண்டுகள் அதன் தலைமையகம் நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. அங்கே வந்த விஞ்ஞானிகளுக்கு வல்லம் ஓட்டியவர்கள் நம் தாத்தாக்கள். தீவைச் சுற்றி எங்கே என்ன வளர்கிறது என்று கை நீட்டிக் காட்டியவர்கள் நம் பாட்டிமார். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அம்மா 2015இல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது வாங்கி வந்தபோது, இந்தக் கரை முழுக்கத் தன் வீட்டுப் பெண்ணே வாங்கியதுபோல நிமிர்ந்து நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு வந்தது 'பெப்சிப் பாசி'. அதன் அறிவியல் பெயர் கப்பாபைகஸ். ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்த கம்பெனியின் பெயரே நம் ஊரில் அதற்கு நிலைத்துவிட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப் பாசி கட்டினால், 45 நாளில் 240 கிலோவுக்கு மேல் அறுக்கலாம். காய்ந்தால் அதுவே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்கிய அந்தச் சரக்கைத்தான் இன்றுவரை நாம் கிலோ விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம். 2013, 2014 வாக்கில் கடல் சூடேறிப் பாசி வெளுத்து உதிர்ந்தபோது, மூங்கிலைப் பிரித்து விறகுக்கு வைத்த குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு.

பச்சைப் பாசியைப் பிழிந்தால் வருகிற சாறு பயிருக்கு ஊக்கம் தரும். சக்கையிலிருந்து, உணவுப் பண்டங்களைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுக்கலாம். உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த தொழில்நுட்பம் இது. அந்த நிறுவனத்தின் நிலையமும் நமக்குக் கூப்பிடு தூரத்தில், மண்டபத்தில்தான் இருக்கிறது. வித்தை பக்கத்து வீட்டில் இருக்கிறது, பாசி நம் கையில் இருக்கிறது, லாபம் மட்டும் எங்கோ இருக்கிறது.

இதை மாற்றத்தான் நம் பதினோரு பெண்கள் கிளம்பியிருக்கிறார்கள். பள்ளிவாசல் தெருவில் நால்வர், மாதா கோயில் தெருவில் ஐவர், காலனியில் இருவர். வேதியியல், நுண்ணுயிரியல், தாவரவியல் படித்தவர்கள். குழுவிலேயே சிலர், "ஏதாவது பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போகலாமே, பெண் பிள்ளைகளுக்கு எதற்கு வியாபாரம்" என்று கேட்டார்கள். மறைப்பானேன், இந்தக் கடிதத்தை எழுதும் எங்களில் இருவரும் அதில் அடக்கம். அவர்களை மாற்றியது பேச்சு இல்லை, ஒரு கிரைண்டர். வீட்டு மாவு கிரைண்டரில் பாசியைப் போட்டு ஆட்டி, பழைய வேட்டியில் வடிகட்டி, பித்தளைக் குடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். கருந்தேன் நிறம். வீடு முழுக்கக் கடல் வாடை. அந்தக் கிரைண்டரில் மூன்று வாரம் இட்லி மாவு ஆட்ட முடியவில்லை என்று ஒரு தாயார் இன்றும் சண்டை போடுகிறார். அந்தச் சாற்றைத் தண்ணீரில் கலந்து கமுதிப் பக்கம் ஒரு முண்டு மிளகாய்த் தோட்டத்தில் நான்கு பாத்திக்கு மட்டும் தெளித்தார்கள். நான்கும் தனியாகத் தெரிந்தன. தோட்டக்காரர் காயைக் கிள்ளிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: "நூறு லிட்டர் கிடைக்குமா? பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா?"

இரண்டும் இல்லை. 2021 பிப்ரவரியில் இத்தகைய பயிர் ஊக்கிகளையும் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டது. சாற்றில் என்ன இருக்கிறது, ஈயமும் ஆர்சனிக்கும் எவ்வளவு, எந்தப் பயிரில் என்ன பலன் என்று காட்டிப் பதிவு செய்யாமல் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை; உழவருக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிழிய இயந்திரமும், சுத்தமான அறையும், எடை தவறாத தராசும் வேண்டும். கிரைண்டரை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது?

கடன் வாங்கலாமே என்பீர்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் என்று 2016இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் கடன் 10 லட்சத்தில் தொடங்கி 1 கோடி வரை இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அப்போது வேண்டியிருந்தது மூன்று லட்சம். ஒரு வங்கியில், "வீட்டுக்காரர் வரவில்லையா அம்மா?" என்று கேட்டு, பெட்டிக்கடைக் கடன் படிவத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். எம்.எஸ்சி. படித்த பெண் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இதுவரை கொடுத்தவர்களை நினைக்கும்போது எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது. பெயர் போடக் கூடாது என்று பலர் கேட்டுக்கொண்டதால் பொதுவாகவே எழுதுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்து, "என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள், கணக்குக் காட்டுவார்கள்" என்றார். ஷார்ஜாவில் இருக்கும் நம் இளைஞர்கள் ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கி மிச்சம் பிடித்து 42,000 அனுப்பினார்கள். இறால் கம்பெனியில் தோலுரிக்கும் பெண்கள் ஆளுக்கு 200. தச்சர் ஒருவர் பணம் இல்லை என்று சொல்லி, கதவும் ஜன்னலும் கூலி வாங்காமல் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகம் இரண்டு ஜும்ஆ வசூலை முழுதாகத் தந்தது. பங்குத் தந்தை ஒரு ஞாயிறு காணிக்கையைத் தந்தார். அம்மன் கோயில் கமிட்டி ஆடிக் கூழ் ஊற்றியதுபோக மீந்த 6,150 ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தது. எழுபது வயதிலும் பாசி எடுக்கப் போகும் ஒரு பாட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். எல்லாம் பத்து ரூபாய்க் காசுகள், 1,730 ரூபாய். அதை எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. பாட்டி எழுந்து போகவில்லை. ரசீது வாங்கிக்கொண்டுதான் போனார்.

இறைவன் இவர்கள் கொடுத்ததைப் பன்மடங்காகத் திருப்பித் தருவான் என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. ஆனால் குடும்ப அட்டை 640 உள்ள ஊரில் ரசீது போட்டது 211தான் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? போன திருவிழா வாணவேடிக்கையில் ஒரே இரவில் 1,40,000 ரூபாய் வானத்துக்குப் போனது. அழகாகத்தான் இருந்தது, நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். அதற்கு வசூல் பதினோரு நாளில் முடிந்தது. இதற்கு ஏழு மாதமாக நடக்கிறோம்.

கலாம் அய்யா பிறந்த தீவு என்று நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் இல்லாமல் அவர் நின்றபோது, அக்காள் ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி படிக்க அக்காள் வளையல் கழற்றியதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாகிவிட்டது. அக்காளும் தங்கையும் கேட்டு நிற்கிறார்கள் இப்போது. தம்பிமாரே, உங்கள் கையில் என்ன கழற்ற இருக்கிறது என்று பாருங்கள்.

கருவிகளுக்குத் தனியே 3,90,000 ரூபாய் ஆகும்: பிழியும் இயந்திரம் 85,000, வடிகட்டும் தொட்டிகள் 40,000, சூரிய உலர்த்தி 1,10,000, தராசு, உலர் அடுப்பு, அமிலமானி சேர்த்து 65,000, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முதல் சுற்றுப் பரிசோதனை 90,000. இதை இப்போது கேட்கவில்லை. அடுத்த தை மாதம் கேட்போம். இயந்திரத்தை வாங்கித் தருவதாகப் பழைய மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதை அவர்களுக்கு இங்கேயே நினைவுபடுத்திவிடுகிறோம்.

5,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களின் பெயரைக் கல்லில் பொறிக்க முதலில் தீர்மானித்திருந்தோம். பெண்கள் மறுத்துவிட்டார்கள், கொடுத்த எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில் சுவரில் இருக்கும், பாட்டியின் பெயர் உட்பட. வரவு செலவு மாதம் ஒரு முறை கூட்டுறவுச் சங்கப் பலகையில் ஒட்டப்படும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலிலும், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மாதா கோயில் மண்டபத்திலும், செவ்வாய் மாலை அம்மன் கோயில் அரசமரத்தடியிலும் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்கும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அக்டோபர் 25க்குப் பிறகு வீடு வீடாக அந்தப் பதினோரு பெண்களே வருவார்கள். கதவைத் திறந்து உட்காரச் சொல்லுங்கள். சில்லறையும் வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கடல்பாசி ஆய்வுக்கூடக் கட்டடக் குழுவினர்,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்