ஒரு தேக்கரண்டி ஈரம்: பைப் புகையிலை பற்றிச் சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு டின்களும் வந்து சேர்ந்தன. ஒன்றில் இருந்த புகையிலை விரல் பட்டதும் சருகாக நொறுங்கியது. மற்றொன்றில், ஈரம் காக்கட்டும் என்று நீங்கள் போட்டு வைத்திருந்த ஆப்பிள் துண்டைச் சுற்றிப் பூஞ்சை படர்ந்திருந்தது. இப்போதெல்லாம் நல்ல புகையிலையே வருவதில்லை என்று கூட இருந்த சீட்டில் வருத்தப்பட்டிருந்தீர்கள். இரண்டு டின்களுமே நல்ல சரக்குதான், சித்தப்பா. வைத்த முறைதான் அவற்றைக் கெடுத்துவிட்டது. அடுத்த மாதம் நீண்ட பயணம் கிளம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள் என்பதால், எனக்குத் தெரிந்ததை எல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதே தொல்லையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. புதிதாகத் திறக்கும் 50 கிராம் டின்னில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 10 கிராம் நீர், 40 கிராம் இலை. அந்த ஈரம் 10 சதவீதமாகக் குறைந்தால் புகையிலை காய்ந்து பொடியத் தொடங்கிவிடும். அப்போது டின்னில் ஏறத்தாழ 44.5 கிராம் மிஞ்சியிருக்கும். இடையில் போனது ஐந்தரை கிராம், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டித் தண்ணீர். நன்றாக இருந்த புகையிலை சருகாவதற்கு அவ்வளவு சிறிய இழப்பே போதும். அதே அளவு நீரைக் கூடுதலாகச் சேர்த்தால் பூஞ்சை பிடிப்பதற்கும் அதுவே போதும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே புகையிலை தனக்கு வேண்டிய ஈரத்தோடுதான் வருகிறது. அதை வெளியே விடாமல் அடைத்து வைத்தால் நம் வேலை முடிந்தது. நாமாக ஈரம் ஊட்டப் போகும்போதுதான் வினை தொடங்குகிறது.

ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் தோல் போன்ற பழைய கைவைத்தியங்களை இந்தக் காரணத்தால்தான் வேண்டாம் என்கிறேன். பழத்துண்டு எவ்வளவு நீர் விடும் என்பது நம் கையில் இல்லை. அதன் சர்க்கரையும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை வித்துக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் டின்னைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துண்டு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மெல்லிய மயிர்போல வெண்சாம்பல் இழைகள் நின்றன, ஊதினால் அசைந்தன, மூடிய நிலவறையின் முடைநாற்றம் அடித்தது. வருடக்கணக்கில் பழகிய வெர்ஜினியா வகைப் புகையிலையை அழுத்திச் செய்த வில்லைகளின் மேல் சில சமயம் வெள்ளையாக ஏதோ மின்னுமே, அது வேறு. அது மணிமணியாக, ஒளியில் பளபளக்கும் படிகம். அதில் கெட்ட வாடை இராது, தாராளமாகப் புகைக்கலாம். பூஞ்சையைப் பொறுத்தவரை, கெட்ட பகுதியைக் கிள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வித்துகள் டின் முழுவதும் பரவியிருக்கும். அந்த டின்னை நான் அப்படியே எறிந்துவிட்டேன். மன்னியுங்கள்.

வைப்பதற்கு உகந்த பாத்திரம் கண்ணாடி ஜாடிதான். ஊறுகாய், பழக்கூழ் அடைப்பதற்கென்று வரும், மூடியில் ரப்பர் வளையமோ பசைப்பூச்சோ உள்ள ஜாடி. கண்ணாடி ஈரத்தையும் மணத்தையும் வெளியே விடாது, தானும் உறிஞ்சாது. அரை லிட்டர் ஜாடியில் 100 கிராமுக்குச் சற்று மேல் கொள்ளும். ஆனால் சிறிய ஜாடிகளாகப் பல வைத்துக்கொள்வதே நல்லது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளிருக்கும் மணம் நிறைந்த காற்று போய் வெளிக்காற்று நுழைகிறது. கால்வாசி காலியான பெரிய ஜாடியில் அந்தப் பரிமாற்றம் அதிகம். ஜாடியை வெந்நீரில் கழுவி, ஒரு துளி ஈரம்கூட இல்லாமல் உலர்த்திய பிறகே நிரப்புங்கள். பெயரையும் தேதியையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வரும்போது தராசு உண்மையைச் சொல்லிவிடும். புகை காட்டிப் பதப்படுத்திய லட்டாக்கியா இலை கலந்தவற்றுக்குத் தனி ஜாடி ஒதுக்குங்கள். அந்தப் புகைமணம் ரப்பர் வளையத்தில் ஏறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஜாடிகள் வெயிலும் அடுப்புச் சூடும் படாத, வெப்பம் ஏறி இறங்காத, இருட்டான அலமாரியில் இருக்கட்டும். வாசனை சேர்த்த புகையிலை குழந்தைகளுக்குத் தின்பண்டம் போல மணக்கும். விழுங்கினால் நிக்கோட்டின் நஞ்சு. ஆகவே அந்த அலமாரி உயரத்திலும் இருக்க வேண்டும்.

டின்னைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. காற்று நீக்கி அடைத்த டின் திறக்கும் வரைதான் காவல். ஒருமுறை திறந்துவிட்டால் அந்த மூடி வெறும் மூடி. சில வாரங்களில் தீர்த்துவிடுவீர்கள் என்றால் டின்னிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் அன்றே ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண ஜிப் பைகளை நம்ப வேண்டாம். அந்த மெல்லிய பாலித்தீன் வழியாக ஈரமும் மணமும் மெல்லக் கசியும். பையை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். சுருட்டுப் பெட்டியும் வேண்டாம். சுருட்டுக்கு வைக்கும் ஈரம் பைப் புகையிலைக்கு அதிகம், போதாததற்கு மரத்தின் வாசமும் ஏறிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் வெளிச்சூட்டில் ஜாடியின் உட்புறம் வியர்க்கும், அந்த நீர் புகையிலையின் மேல்தான் இறங்கும்.

காய்ந்ததை மீட்பதில் அவசரம் கூடாது. தண்ணீர் தெளிக்காதீர்கள், தெளித்த இடம் ஊறிப்போகும், மற்ற இடம் சருகாகவே இருக்கும். அகலமான கிண்ணத்தில் புகையிலையைப் பரப்பி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை, இலையில் படாதபடி வாய்மேல் இழுத்துக் கட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு, இரண்டு விரலால் ஒரு சிட்டிகையை அழுத்திப் பாருங்கள். பந்தாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, உதிர்ந்தால் போதவில்லை. அழுத்தியது மெல்லத் தானே விரிந்துகொண்டால் அதுதான் பதம். பிறகு ஜாடியில் அடைத்து ஒரு வாரம் தொடாமல் வைத்தால் ஈரம் எல்லா இலைக்கும் சமமாகப் பரவும். காய்ந்ததால் வரும் கைப்பு, நாக்கு எரிச்சல் எல்லாம் பெரும்பாலும் போய்விடும். பறந்துபோன மணத்தில் ஒரு பங்கு மட்டும் திரும்பாது. வாசனைக் கலவைகள் பலவற்றில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்த்திருப்பார்கள். அவை எளிதில் காயாது என்பதால் அவற்றுக்கு இந்த வைத்தியம் அனேகமாகத் தேவைப்படாது.

இனி உங்கள் பயணம். கையிருப்பு அனைத்தையும் ஒரே பையில் சுமக்காதீர்கள். வழியில் தேவைப்படுவதில் பெரும்பகுதியைப் பிரிக்காத டின்களாகவே எடுத்துச் செல்லுங்கள். முத்திரையும் எடையும் தெரிவதால் சுங்கச் சோதனையில் விளக்கம் சொல்வது எளிது. நாட்டுக்கு நாடு வரம்பு மாறும், அதைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். தினசரிப் பயன்பாட்டுக்கு இரண்டு மூன்று நாள் அளவு மட்டும் கைப்பையில், ரப்பர் வளையமுள்ள சின்ன உலோகச் சிமிழில் இருக்கட்டும். உங்கள் பழைய தோல் பை அழகானதுதான், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உள்ளே ரப்பர் உறை இல்லாத தோல் மூச்சுவிடும். ஒரு நாள் புகையிலைக்கு மேல் அதில் வைக்காதீர்கள். விமானத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், அழுத்தமும் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பது போலக் குறையும். ஆகவே பையில் அடைத்ததை முடிந்தவரை காற்றைப் பிதுக்கி வெளியேற்றிய பிறகு மூடுங்கள், இல்லையென்றால் உப்பிப் பிரிந்துகொள்ளும். வில்லையாகவோ கட்டியாகவோ வருவதை முன்கூட்டியே உதிர்த்துக்கொண்டு போகாதீர்கள். கட்டியாக இருக்கும்வரை காற்றுப் படும் பரப்பு குறைவு, அதனால் நெடுநாள் தாங்கும். காரில் போகும்போது முன்கண்ணாடிக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு மதிய வெயில் போதும்.

காய்ந்திருந்த டின்னில் 32 கிராம் இருந்தது. துணி கட்டி, ஒரு பிற்பகல் முழுவதும் கிளறிக் கிளறி 35 கிராமுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சிறிய ஜாடியில் அடைத்து, தேதி எழுதி ஒட்டி, இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அந்தத் தேதியிலிருந்து ஏழு நாள் கழித்துத் திறவுங்கள். முதல் பைப்பை நிரப்பும்போது கொஞ்சம் தளர்வாகவே நிரப்புங்கள். நொறுங்கிய துகள் அடியில் சேர்ந்திருப்பதால், இறுக்கினால் இழுக்க வராது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்