ஓடுகிற வண்டிக்குப் போன் போடாதீர்கள், அண்ணாச்சி

நெல்லைச் சீமையில் லாரி, மினி லாரி, குட்டி யானை, வேன் வைத்துத் தொழில் செய்கிற முதலாளிமாருக்கும், வாழைத்தார் மண்டி, காய்கறிக் கமிஷன் கடை அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

செல்போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டாதே என்று டிரைவருக்குச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வண்ணார்பேட்டையில் நிற்கும் போலீஸ்காரர் சொல்கிறார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவர் சொல்கிறது. ஜனவரி வந்தால் பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்துச் சொல்கிறார்கள். அந்தப் போனில் எதிரே பேசுகிறவரிடம்தான் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து வந்து பாருங்கள். நாங்குநேரி வருவதற்குள் முதல் போன். "எங்கலே வார?" சொல்லி வைத்தால், கொஞ்ச நேரத்தில் தார் வாங்குகிற பார்ட்டி கூப்பிடுவார். அவருக்கும் அதே பதில். அப்புறம் மறுபடியும் நீங்கள்: "பார்ட்டி கூப்பிட்டா எடுக்கலையாமே? சரி, அந்த எடைச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு." எப்போது போட? வண்டி நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் சீட்டு, போனை எங்கே பிடிப்பது என்று அந்த மனிதர் தவிக்கிற தவிப்பு ஆபீஸில் இருப்பவருக்குத் தெரியாது.

எடுக்காமல் விடலாமே என்பீர்கள். விட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஏச்சு, மறுநாள் டிரிப் வேறு ஆளுக்கு. டிரிப்புக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்று ஓடுகிறவருக்கு முதலாளியின் போன் சாதாரண போன் இல்லை. வீட்டுக்காரி கூப்பிட்டால்கூட "அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவார். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். யார் கூப்பிடுவது என்று திரையைப் பார்க்க மூன்று நொடி என்றால், 50 மீட்டர். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தின நீளம் அது. அவ்வளவு தூரமும் டிரைவர் ரோட்டைப் பார்க்கவில்லை.

நம் ரோடுகளும் வெறும் ரோடுகள் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் அறுப்பு முடிந்தால் பாதித் தார்ச்சாலை நெல் காயும் களமாகிவிடும். பின் விளக்கு இல்லாத டிராக்டர் இருட்டில் அசைந்து போகும். கிடை போடக் கொண்டுபோகிற ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். திருநெல்வேலி டவுனில் ராத்திரி மாடுகள் நடுரோட்டில்தான் படுக்கும். நான்குவழிச் சாலையில் இந்தத் தொந்தரவு இல்லை என்று நினைக்க வேண்டாம். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் பைக் ஓட்டி வருகிற நம்மாட்கள் அங்கேதான் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி தீபாவளிக்கு டிரைவர்கள் எல்லாருக்கும் ப்ளூடூத் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் அதனால் கை விடுபட்டதே தவிர, புத்தி விடுபடவில்லை. கனடாவின் டொராண்டோ நகரில், போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புக் கணக்கை ஆராய்ந்து 1997இல் ரெடெல்மயர், டிப்ஷிராணி என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. போனில் இருக்கும்போது மோதும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசினாலும் அதில் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிற கிளீனரைப் பாருங்கள். எதிரே மாடு குறுக்கிட்டால் அவன் பேச்சு தானாக நிற்கும், "அண்ணே, மாடு" என்று கத்தவும் செய்வான். போனில் இருப்பவருக்கு மாடு தெரியாது. வாடகைப் பாக்கியைப் பற்றி அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார்.

இன்னொன்று. வாயால் சொல்லிப் போனை இயக்குகிற வசதியை 2015இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, வேலை முடிந்த பிறகும் 27 நொடி வரை கவனச்சிதறல் நீடித்ததாகக் கண்டார்கள். வெறும் கட்டளைக்கே இவ்வளவு என்றால், ஏச்சு வாங்கிவிட்டு வைத்த போனுக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் போனோடு ஓட்டுவது, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்ந்துவிட்டது. முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது டிரைவருக்கு. சற்றுத் தள்ளி 188ஆம் பிரிவு இருக்கிறது. 184இல் சொன்ன குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. ஓடுகிற வண்டி என்று தெரிந்தே போன் போட்டு, எடு எடு என்று வற்புறுத்துவது உடந்தையா இல்லையா என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். விபத்து நேரத்தில் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தது யார் என்பது மட்டும் போன் கம்பெனியின் கணக்கில் நொடிவாரியாக இருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வண்டிக்கு ஜி.பி.எஸ். மாட்டிக் காசும் கட்டுகிற முதலாளிகளே "எங்க வார?" என்று போனிலும் கேட்பது எனக்குப் புரிந்ததே இல்லை. வண்டி எங்கே என்று அதன் வரைபடத்தில் பாருங்கள். ஜி.பி.எஸ். இல்லாதவர்கள் வண்டி கிளம்பும் முன்பே எங்கெங்கே நின்று பேசுவது என்று முடிவு செய்துகொள்ளலாம். தென்காசிக்குப் போகிற வண்டி என்றால் ஆலங்குளத்தில் டீ குடிக்க நிற்கும், அங்கிருந்து அவரே கூப்பிடட்டும். எடைச் சீட்டுப் படத்தை எடை மேடையிலேயே நின்று அனுப்பச் சொல்லுங்கள். பார்ட்டிக்கு டிரைவர் நம்பரைக் கொடுக்காமல் ஆபீஸ் நம்பரைக் கொடுங்கள். கிளீனர் இருந்தால் போன் அவன் கையில் இருக்கட்டும். முக்கியமாக, எடுக்காத போனுக்கு ஏச்சு கிடையாது என்று எல்லார் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ப்ளூடூத்தை விட அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விலை அதிகம்.

அவசரம் என்றால் என்ன செய்ய என்று கேட்பீர்கள். கேரளா போகிற காய்கறி வண்டி, வழியிலேயே விலை இறங்கிவிட்டது, லோடை வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும். நியாயமான அவசரம்தான். ஒரு வரி மெசேஜ் போட்டு வையுங்கள். புளியரை சோதனைச் சாவடியில் வண்டி எப்படியும் நிற்கும். அங்கே பார்த்துவிட்டு அவரே கூப்பிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகள் போகிற ரோட்டிலேயே தினமும் பைக்கில் போய்வருகிற ஒருவன்