விழுவதற்கு முன்னால் என்ன ஆகும்?

ஆசிரியருக்கு,

வலிப்பு பற்றிய உங்கள் கட்டுரையை ‘மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுப்படும்’ என்று முடித்திருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரை கேட்காது, அப்படி ஒருவன் என் தம்பி என்பதால் எழுதுகிறேன்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. இங்கே அல்சூரில் நாங்கள் பார்த்த டாக்டர் ஒன்பது வருஷம் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றாலே அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு மருத்துவர் அமைப்பு 2010-லேயே வரையறுத்துவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் கையில் திணிப்பாள், அத்தோடு சரி.

அப்புறம் ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா, “விழுந்த கதை இருக்கட்டும், விழுவதற்கு முன்னால் என்ன ஆகும்?” என்று கேட்டார். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி வருகிறது என்பான், உடனே கண் நிலைகுத்திவிடும், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வாயைச் சப்புக்கொட்டுவான். அதை வாயு என்று நினைத்து இத்தனை வருஷமும் பெருங்காய மோர் கொடுத்திருக்கிறோம்! மூளையில் நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கிற டெம்போரல் மடல் என்ற பகுதியில் கிளம்பும் வலிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குமாம்.

அதை உறுதிப்படுத்த ஐந்து நாள் வீடியோ ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின்னோட்டத்தையும் ஆளையும் சேர்த்தே பதிவுசெய்யும் சோதனை. தலை முழுக்க ஒயர், எதிரே கேமரா, மாத்திரையையும் குறைத்துவிட்டார்கள். வரக்கூடாது என்று ஒன்பது வருஷம் வேண்டிக்கொண்ட வலிப்பு எப்போது வரும் என்று நானும் அம்மாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். மூன்று முறை வந்தது, மூன்றும் வலது பக்கத்திலிருந்தே கிளம்பின. ‘நார்மல்’ என்று எழுதியிருந்த பழைய எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிவைத்துவிட்டு, வலிப்புக்கென்றே மெல்லிய துண்டுகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டெம்போரல் மடலுக்குள் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வலது பக்கத்தில் சுருங்கித் தழும்பேறி இருந்தது. நினைவாற்றல், பேச்சு எல்லாவற்றையும் தனியாகச் சோதித்தார்கள், அங்கே கை வைத்தால் என்ன போகும் என்றும் தெரிய வேண்டுமே. எங்களுக்கு எல்லாம் ஒரே இடத்தைக் காட்டியது. அப்படிக் காட்டாதவர்களுக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு மின்முனைகளை மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்க்கிறார்கள்.

வலிப்பு கிளம்பும் இடத்தை எடுத்துவிடும் ஆபரேஷனை எல்லாருக்கும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தில்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷம் கழித்து வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் செய்தவர்களில் 77 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம். இதை நீங்கள் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா?

அடுத்த முறை எழுதும்போது இதையும் சேருங்கள்: வலிப்பு வந்தால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சாவி தேடுகிற இன்னொருவர் செல்போனை எடுத்து ஆரம்பத்திலிருந்தே வீடியோ பிடிக்கட்டும். தம்பிக்கு ஆபரேஷன் ஆகிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை வரவில்லை. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறான்.

ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு