வணிகவியல் மாணவர்களுக்கு ஒத்துப்பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.காம். முடித்து வேலை தேடும் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருளின் சான்றிதழ் அநேகமாகத் தவறாமல் இருக்கிறது. சிறு நிறுவனங்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் அதைப் பார்த்துத்தான் நேர்முகத்துக்கு அழைக்கின்றன. ஆனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே பலர் திணறுகிறார்கள். பில்லைப் பார்த்துப் பதிவு போட்டுவிடுகிறார்கள். போட்டது சரியா என்று தாங்களே கண்டுபிடிக்கத் தெரிவதில்லை. கணக்காளருக்கு உண்மையில் சம்பளம் கொடுப்பது இதற்காகத்தான். இரண்டு ஏடுகளை எடுத்து வைத்து, எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று சொல்லும் பயிற்சியைக் கல்லூரியிலேயே கொடுத்தாக வேண்டும்.

எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைப் பட்டியலிடும் இருப்பாய்வு சமமாகிவிட்டால் கணக்கு சரி என்ற எண்ணம் பள்ளியிலேயே ஊன்றிவிடுகிறது. இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்ற பகுதியைத் தேர்வுக்குப் படித்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கணினியில் இரு பக்கமும் சமமாகாத பதிவை மென்பொருள் ஏற்பதே இல்லை. ஆகவே இன்று கணக்கில் ஒளிந்திருக்கும் பிழை பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். ஜிஎஸ்டி நீங்கலாக 50,000 ரூபாய்க்கு அலுவலகக் கணினி வாங்குகிறார்கள். பில் வந்ததும் டேலியில் கொள்முதல் பதிவுக்கான எஃப்9 விசையைத் தட்டிக் கொள்முதல் கணக்கில் போட்டுவிடுகிறார் புதியவர். அது விற்பதற்கான சரக்கல்ல, பல ஆண்டு பயன்படும் நிலைச் சொத்து. ஆண்டில் 180 நாளுக்குக் குறையாமல் பயன்படுத்தியிருந்தால் வருமான வரிக்கு 40 சதவீதத் தேய்மானம், அதாவது 20,000 ரூபாய்தான் அந்த ஆண்டின் செலவு. 30,000 ரூபாய் லாபம் குறைந்து நிற்கும். இருப்பாய்வோ சமமாகவே இருக்கும்.

நம் ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒத்துப்பார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலையும் பாடமாகப் படித்திருக்கிறார்கள், வேலையாகச் செய்ததில்லை. ஓர் எடுத்துக்காட்டு. நம் ஏட்டில் வங்கி இருப்பு 1,84,300 ரூபாய். வங்கி அறிக்கையில் 2,08,746 ரூபாய். நாம் கொடுத்த 22,000 ரூபாய் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. நாம் போட்ட 9,000 ரூபாய் காசோலை இன்னும் வசூலாகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நேரடியாக 11,800 ரூபாய் அனுப்பியிருக்கிறார். வங்கி 354 ரூபாய் கட்டணம் பிடித்திருக்கிறது. வேறுபாடு முழுவதும் இந்த நான்கில் அடங்கிவிடும். ஆனால் காசோலைகள் இரண்டும் ஏற்கெனவே ஏட்டில் இருப்பதால், நாம் பதிவு போட வேண்டியது கடைசி இரண்டுக்கு மட்டும். அதன்பின் நம் இருப்பு 1,95,746 ரூபாய். நான்குக்கும் பதிவு போட்டு, அடுத்த மாதம் காசோலை வசூலானதும் மறுபடி ஒரு பதிவு போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த 354 ரூபாயிலும் கவனிக்க ஒன்று உண்டு: 300 ரூபாய் கட்டணம், 54 ரூபாய் ஜிஎஸ்டி. வங்கியிடம் நம் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருந்தால் அந்த 54 ரூபாய் உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரியாக, திரும்பக் கிடைக்கும். கொடுத்த காசோலை மூன்று மாதம் தாண்டியும் போகவில்லையென்றால் அது செல்லாது. பட்டியலில் மாதாமாதம் சுமந்துகொண்டிருக்காமல் பதிவைத் திருப்பிப் போட்டு, உரியவரைக் கேட்க வேண்டும்.

வந்த பணம் பில் தொகையைவிடக் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்பதும் புதியவர்களைக் குழப்புகிறது. தொழில்முறைக் கட்டணமாக 1,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 18,000 ரூபாய் என்று பில் போயிருக்கிறது. வங்கியில் வந்தது 1,08,000. குறைந்த 10,000 ரூபாயைத் தள்ளுபடி என்று எழுதிவிடுபவர்கள் உண்டு, வராத பாக்கி என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. அது ஜிஎஸ்டி நீங்கலான தொகையில் பணம் கொடுப்பவரே வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்த டிடிஎஸ். நம் பெயரில் கட்டப்பட்ட வரி அது, நமக்குச் சேர வேண்டிய சொத்து. வருமான வரித் தளத்தில் நம் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் வேலையின் பகுதி.

ஜிஎஸ்டி எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிழை பதிவுக்கு முன்பே பிடிபடும். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. அடுத்த பத்து எழுத்து பான் எண். பெங்களூரு நூல் வியாபாரி கரூர் நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பி ஒரே மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருந்தால், எண்ணைப் பார்த்த உடனே மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி அல்லவா வர வேண்டும் என்று கேட்கத் தோன்ற வேண்டும். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, பி என்றால் தனிநபர், ஹெச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம், எஃப் என்றால் கூட்டாண்மை, சி என்றால் கம்பெனி. ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்கும் டிடிஎஸ் முதல் இரண்டுக்கு 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2 சதவீதம். ஓர் எழுத்தைக் கவனித்தால் போதும்.

மாதாந்திர வேலையில் மிகக் கடினமானது விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை நம் கொள்முதல் ஏட்டோடு ஒத்துப்பார்ப்பது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் விற்பனையாளர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். 14-ஆம் தேதி நமக்கு 2பி வரும். 20-ஆம் தேதிக்குள் நாம் வரி கட்டும் படிவமான 3பி போட வேண்டும். ஒத்துப்பார்க்கக் கையில் இருப்பது ஆறே நாள். நம் ஏட்டில் இருந்தும் 2பி-யில் இல்லாத பில்லுக்குக் காரணம் ஒன்றல்ல. விற்பனையாளர் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தால் அடுத்த மாதம் தானாக வரும், காத்திருந்தால் போதும். நம் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தாலோ, பதிவு பெறாதவருக்கு விற்றதாகக் காட்டியிருந்தாலோ எத்தனை மாதம் காத்திருந்தாலும் வராது. அவரைத் திருத்தச் சொல்ல வேண்டும். அவர் 045 என்று எழுதிய பில் எண்ணை நாம் 45 என்று பதிந்திருந்தால் தவறு நம் பக்கம். இவற்றைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ‘வரவில்லை’ என்று ஒரே கட்டாகப் போடுவதால்தான் நிதியாண்டு முடிந்து நவம்பர் 30 வந்ததும் உள்ளீட்டு வரி கைவிட்டுப் போகிறது. 2பி-யில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிடவும் முடியாது. முதலாளியின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காருக்கான வரி பட்டியலில் இருந்தாலும் உரிமை கோரக் கூடாது.

எக்செல் அறிவு என்றால் சூத்திரங்களை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறார்கள். தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப், நிபந்தனையோடு கூட்டும் சம்இஃப்ஸ், தொகுத்துக் காட்டும் பிவட் மூன்றும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். அதைவிட, எக்செல் எங்கே ஏமாற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் 03/04 என்ற ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். சம்பளப் பட்டியலில் இது நடந்தால் பணம் திரும்பி வரும், அல்லது வேறொருவருக்குப் போகும். அந்தக் கட்டங்களை முதலிலேயே எழுத்து வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

சட்டப் பிரிவு எண்களை உருப்போடும் பழக்கத்தையும் கைவிட வேண்டிய காலம் இது. ஒப்பந்தக்காரர், தொழில்முறைக் கட்டண டிடிஎஸ்ஸுக்கான பிரிவுகள் 194சி, 194ஜே என்று பல தலைமுறை மாணவர்கள் படித்தவை, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில் 393-ஆவது பிரிவின் அட்டவணைக்குள் போய்விட்டன. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களுக்கு ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகளே இல்லாமல் போயின. அன்றைக்கு முன்னும் பின்னும் வந்த பில்களுக்கு எந்த விகிதம் என்று அறிவிக்கையைப் படித்து முடிவு செய்யத் தெரிந்தவர்களே கடையைத் தடையின்றி நடத்த உதவினார்கள்.

இன்னொன்றையும் வகுப்பறையில் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படாது. லாரி வாடகை போன்றவற்றுக்கு மட்டும் வரம்பு 35,000. கொடுத்தது ஒரே நாளில், வவுச்சரை மட்டும் மூன்று நாளாகப் பிரித்து எழுது என்று மேலிடம் சொல்லும்போது இருபத்தோரு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? அது பொய்ப் பதிவு என்று தெரிந்திருக்க வேண்டும். முடியாது என்று பணிவாகச் சொல்லவும், இனி வங்கி வழியாகக் கொடுக்கலாமே என்று மாற்று வழி காட்டவும் தைரியம் வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது விதி. பதிந்தவரின் பெயரும் அதில் நிற்கும்.

கல்லூரிகள் இதற்குப் புதிய ஆய்வகம் கட்ட வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் மாற்றப்பட்ட ஒரு மாதக் காகிதக் கட்டு போதும்: முப்பது கொள்முதல் பில், நாற்பது விற்பனைப் பில், ஒரு வங்கி அறிக்கை, ஒரு 2பி, எட்டுப் பேரின் சம்பளப் பட்டியல், சில்லறைச் செலவுச் சீட்டுகள். அதில் ஆசிரியரே ஆறு பிழைகளை வைக்கட்டும்: இரட்டைப் பதிவான ஒரு பில், மாநிலக் குறியீடு தவறிய ஒன்று, 5,460 என்பதை 4,560 என்று எழுதிய ஒன்று, இப்படி. வேறுபாடு 900, ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்க அங்கேதான் பழக வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தையும், விற்பனையாளருக்கோ வங்கிக்கோ அனுப்ப வேண்டிய நான்கு வரிக் கடிதத்தையும் மாணவர் எழுத வேண்டும்: எந்த பில், என்ன தேதி, எவ்வளவு தொகை, எதைத் திருத்த வேண்டும், எந்த நாளுக்குள். மதிப்பெண்ணில் பாதியைப் பதிவுக்கும், மறு பாதியைக் கண்டுபிடித்த பிழைகளுக்கும் இந்தக் கடிதங்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆடிட்டர் ஒருவர்,
ஈரோடு.